நாலு பேருக்கு மேல் ஏறாத கார்

1936 ஜூன் 7, ஞாயிறு

கார் வாங்குவது என்று முடிவு செய்து இன்று வீட்டில் சொல்லிவிட்டேன். சின்னக் கார். நாலு பேர் உட்காரலாம், ஐந்தாவது ஆளுக்கு இடம் இருக்கக் கூடாது. அப்படி ஒன்று.

முருகம்மாள் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தாள். மாமியார்தான், "கோம்பையில காரை வச்சுக்கிட்டு எந்த ரோட்டுல ஓட்டப் போறாகளாம்?" என்று மகளிடம் கேட்பதுபோல என்னைக் கேட்டார்.

ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சின்னக் கார் பெட்ரோல் கொஞ்சமாகக் குடிக்கும். ஏலக்காய் வியாபாரி, அப்படித்தான் பார்ப்பான் என்று விட்டுவிடுவார்கள். எனக்குள்ள காரணத்தை இங்கே எழுதுகிறேன். முந்தின வருஷம் ஐப்பசியில் மூத்த மகள் பொன்னுத்தாய்க்கு மூச்சு இழுப்பு வந்தது. தேனிக்கு டாக்டரிடம் கொண்டுபோக வண்டி பூட்டினேன். நோவான பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் ஊர் எல்லை தாண்ட வேண்டும் என்பது முருகம்மாள் வீட்டு வழக்கம். பண்ணைப்புரத்திலிருந்து மைத்துனன் கர்ணன் வரும்வரை, பூட்டின மாடு வாசலிலேயே நின்றது. அவன் வந்தான். கூடவே ஓர் அத்தை, அத்தையின் மருமகள், ஒரு குடம் தண்ணீர், ஒரு மூட்டைத் துணி. எல்லாரும் பாசத்தில்தான் ஏறினார்கள், குற்றம் சொல்ல மாட்டேன். மாடு அத்தனையையும் இழுத்துக்கொண்டு நடந்தது. சின்னமனூர் தாண்டுவதற்குள் பிள்ளை போய்விட்டாள்.

இப்போது சுருளியாண்டி. ஆறு மாதம். இவனுக்கும் ஒரு தரம் இழுத்துவிட்டது. சாரல் வேறு பிடித்துக்கொண்டது. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அதுவும் உத்தமபாளையம் போய் ஏற வேண்டும். இவன் மூச்சு பஸ் நேரம் பார்த்தா திணறும்?

வாங்கத்தான் வேண்டும்.

ஜூன் 10

சேதி பண்ணைப்புரம் போய்விட்டது. கர்ணன் வந்தான். கம்பத்தில் ஒரு கான்ட்ராக்டர் தன்னுடைய அமெரிக்கக் காரை விற்கப் போகிறாராம். எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாமாம். கல்யாணம், காதுகுத்து என்று வாடகைக்கு விட்டால் அதுவே சம்பாதித்துப் போடும் என்றான்.

"நீங்க சின்னதா ஒண்ணு வாங்கி வந்தா ஊருல என்ன பேசுவாக மச்சான்? மலையில இருந்து மூட்டை சுமந்து சம்பாதிச்சவருக்கு இன்னும் மனசு விரியலைன்னு பேசுவாக."

பேசட்டும். மூட்டை சுமந்தது உண்மைதானே. தலையில் சுமந்தவனுக்குப் பாரம் என்றால் என்னவென்று தெரியும்.

ஆனாலும் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்வது வியாபாரமில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

ஜூன் 14, ஞாயிறு

கம்பம் போய்ப் பார்த்தேன். நல்ல வண்டிதான். யானை மாதிரி நிற்கிறது. தரகன் என் கையைத் துண்டுக்குள் இழுத்து விரலைப் பிடித்து விலை சொன்னான், மாட்டுச் சந்தையில் பேசுகிற மாதிரியே. நான் பதிலுக்கு எந்த விரலையும் பிடிக்கவில்லை.

ஓட்டிப் பார்க்கலாம் என்றதும் கர்ணன் ஏறினான். அவன் சிநேகிதர்கள் மூன்று பேர் ஏறினார்கள். தெருப் பிள்ளைகள் ஏறினார்கள். யாரென்றே தெரியாத பெரியவர் ஒருவர் ஏறி உட்கார்ந்து, கூடலூர் வரைக்கும் போவீர்களா என்று என்னைக் கேட்டார். எல்லாரையும் இறக்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

அங்கேயே எனக்கு முடிவாகிப்போயிற்று. இடம் இருந்தால் ஏறுவார்கள். ஏற வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. வண்டிதான் சொல்ல வேண்டும்.

ஜூன் 15

போடி மண்டி. சரக்குக்கு நல்ல விலை. லோயர் கேம்ப் பக்கம் ஒரு துரை எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குப் போகிறார், பேபி ஆஸ்டின் கார் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

ஜூன் 19, வெள்ளி

பார்த்தேன். பிடித்துவிட்டது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

துரையின் டிரைவர் அம்மாவாசிதான் காட்டினான். நாற்பது வயது இருக்கும், வாய் சும்மா இருக்காது. நான் கையோடு கொண்டுபோயிருந்த மூட்டையைப் பின்சீட்டில் வைக்கச் சொன்னேன். முருகம்மாள் எடைக்கு ஒரு மூட்டை, பிள்ளை எடைக்கு ஒரு சின்னப் பை. அவன் பக்கத்தில் நான். குமுளி ஏற்றத்தில் போகச் சொன்னேன்.

"மொதலாளி, துரை பத்து வருசமா வச்சிருந்தாக. ஒருநாளும் இப்பிடிச் சம்சாரத்தை எடை போட்டு ஏத்துனதில்ல" என்றான். கொஞ்சம் போய், "அந்தச் சின்னப் பை குலுங்குது. மடியில வச்சுக்கிருங்க, அழுதுரப் போகுது" என்றான்.

சிரிப்பு வந்தது. ஆனாலும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வண்டி முக்கியது, முனகியது, ஆனால் நிற்கவில்லை. வளைவில் ஒரு தரம் தண்ணீர் ஊற்றினான். இறங்கிவந்து பெட்ரோல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்த்தேன். சமதரையில் ஒரு காலனுக்கு நாற்பது மைல் தரும் என்று அவன் சொன்னதை நம்பலாம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பின்னால் இரண்டாவது ஆளும் ஒல்லியாக இருக்க வேண்டும்.

மாசக் கடைசி வரை வேறு யாருக்கும் காட்டாதே என்று சொல்லி வந்திருக்கிறேன்.

ஜூன் 23

முருகம்மாள் இன்று வாய் திறந்தாள். திறந்து ஒரே கேள்விதான் கேட்டாள்.

"நீங்க போடிக்குப் போயிட்ட அன்னிக்கி பிள்ளைக்கு இழுத்தா, காரை யாரு ஓட்டுவா?"

பதினாறு நாளாகக் கார் கார் என்று அலைகிறேன். ஏற்றம் பார்த்தேன், எடை பார்த்தேன், குச்சி விட்டுப் பெட்ரோல் பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை. வாரத்தில் பாதி நாள் நான் ஊரில் இல்லை. ஏலக்காயில் மேலே உள்ளதை மட்டும் பார்த்து மூட்டை வாங்குகிறவனை நானே எத்தனை தரம் கேலி பேசியிருக்கிறேன்.

ஜூன் 24

டிரைவர் வைக்கலாம் என்றேன். அம்மாவாசிக்கு எப்படியும் வேலை போகப்போகிறது, அவனையே வைத்துக்கொள்ளலாம்.

"வைங்க" என்றாள். "நீங்க இல்லாத நேரம் எங்க ஆத்தா ஏறி உக்காந்துக்கிட்டுத் தம்பி வரட்டும்னு சொன்னா, அந்த மனுசன் என்ன செய்வாரு? ஆத்தாவை இறக்கிவிட்டுட்டு ஓட்டுவாரா?"

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடந்தாள். பிறகு கோபமா, அழுகையா என்று தெரியாத குரலில் சொன்னாள்:

"பிள்ளையைத் தூக்கிக்கிட்டு டாக்டர்ட்ட ஓடுறதுக்கே வண்டி பாக்குறீக. டாக்டரத் தூக்கிக்கிட்டு பிள்ளைட்ட வாறதுக்கு ஒரு வண்டி பாத்தா என்ன?"

படுத்தேன். தூக்கம் வரவில்லை. டாக்டரைக் கொண்டுவரலாம் என்றால் ஒரு தரம் கொண்டுவருவதா? இல்லை... அவரை இங்கேயே வைத்துக்கொண்டால்?

ஜூன் 26, வெள்ளி

தேனி போனேன். டாக்டர் ஜெபமணி. எல்.எம்.பி. படித்தவர், சின்ன வயசு. சந்தைக்குப் பின்னால் வாடகை அறையில் இருக்கிறார். சைக்கிளில்தான் நோயாளி வீடுகளுக்குப் போகிறார். தேனியில் பெரிய டாக்டர்கள் இருக்கும்போது இவரைத் தேடி யார் வருவார்கள்? அவருக்கும் தெரிகிறது.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். கோம்பையில் நான் சரக்கு வைக்கும் கிட்டங்கியின் முன்பாகம் காலியாக இருக்கிறது, அதில் டிஸ்பென்சரி வையுங்கள். வாடகை வேண்டாம். கார் ஒன்று வாங்குகிறேன், டிரைவரோடு உங்கள் வாசலிலேயே நிற்கும். கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், இந்தப் பக்கம் முழுவதும் உங்களுக்குத்தான். பீஸ் உங்களுடையது.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் என் ஒரே நிபந்தனையைச் சொன்னேன். என் வீட்டிலிருந்து ஆள் வந்தால் முதலில் என் வீடு.

"அப்படி ஒத்துக்க மாட்டேனே" என்றார். "எந்தப் பிள்ளைக்கு மோசமோ அங்கதான் முதல்ல போவேன். உங்க பிள்ளைக்கு மோசம்னா உங்க வீடு. இன்னொரு பிள்ளைக்கு மோசம்னா அந்த வீடு."

"காரு என்னோடது."

"அதுக்கு நான் என்னங்க செய்ய? மூச்சு அவங்கவங்களது."

எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 27

நோயாளி வராத டாக்டருக்கு இத்தனை திமிர். வேறு டாக்டர் கிடைக்காமலா போவார்?

ஜூன் 30

கிடைக்கவில்லை. சின்னமனூரில் ஒருவரைக் கேட்டேன், கோம்பையா என்று சிரித்தார்.

ஜூலை 3, வெள்ளி

எழுதிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

காலையில் அம்மாவாசி காரைக் கொண்டுவந்தான். முருகம்மாள் ஒரு தரம் பார்க்கட்டும் என்று நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அவன் வந்து நிறுத்தவும் உள்ளே பிள்ளைக்கு இழுக்கவும் சரியாக இருந்தது. அதே சத்தம். பொன்னுத்தாயிடம் கேட்ட அதே சத்தம். விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வருகிறது.

தேனி என்றேன். மாமியார், பண்ணைப்புரத்துக்கு ஆள் அனுப்பியாச்சு, கர்ணன் வந்ததும் கிளம்பலாம் என்றார். முருகம்மாள் பிள்ளையோடு பின்சீட்டில் ஏறிவிட்டாள். நான் முன்னால். மாமியார் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். முருகம்மாள் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. அதை அவரும் பார்த்தார்.

நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. முருகம்மாள் பிள்ளைக்குக் கொண்டுவந்த துணி மூட்டையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

"எடமில்ல ஆத்தா" என்றாள். "கதவை விடு."

விட்டார். அம்மாவாசி ஒரு பேச்சும் பேசாமல் ஓட்டினான். அவன் வாய் மூடியிருந்ததே எனக்குப் பயமாக இருந்தது. உத்தமபாளையம் தாண்டினோம். சின்னமனூர் தாண்டினோம். பொன்னுத்தாய் போன அந்த இடத்தைக் கடக்கும்போது முருகம்மாள் பிள்ளையைப் பார்த்தபடியே இருந்தாள், வெளியே பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

டாக்டர் ஜெபமணி வாசலில் எங்களுக்கு முன்னால் ஒருத்தி பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். பெயர் இருளம்மாள் என்று பிறகு சொன்னாள். விடியற்காலையிலேயே நடந்து வந்தவளாம். அவள் பிள்ளைக்கு நல்ல காய்ச்சல். டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டவர், எங்கள் பிள்ளை மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினார். இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார்.

நான் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது கொடுத்து நகரச் சொல்லலாம் என்றுதான். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அதற்குள் டாக்டர் முருகம்மாளைப் பார்த்து, "நீங்க வாங்கம்மா" என்றார். இருளம்மாள் அவர் சொல்லும் முன்பே ஒதுங்கிவிட்டாள். "இந்தப் பிள்ளையைப் பாருங்கய்யா மொதல்ல. எம் பிள்ளை காய்ச்சல் தாங்கும்" என்றாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

ஊசி போட்டார். ஆவி பிடிக்க வைத்தார். ரொம்ப நேரம் கழித்துப் பிள்ளை வீரிட்டு அழுதது. அப்படி ஓர் அழுகையை இதற்குமுன் நான் சந்தோஷமாகக் கேட்டதில்லை. இன்னும் தாமதித்திருந்தால் என்று டாக்டர் தொடங்கினார், முடிக்கவில்லை.

பைக்குள் விட்ட கை அப்படியே இருந்தது. வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது.

ஜூலை 5, ஞாயிறு

பிள்ளை பால் குடிக்கிறான். சளி இருக்கிறது, இழுப்பு இல்லை.

கர்ணன் வந்தான். முகம் இறுகியிருந்தது. "நான் ஓடியாந்து பாத்தா வாசல்ல டயர் தடம்தான் கெடக்கு. தாய்மாமன்னு ஒருத்தன் எதுக்கு மச்சான்?" என்றான்.

பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தேன். பிள்ளை அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. அப்புறம், அந்தக் குட்டிக் காரில் தானும் ஒரு தரம் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டான்.

ஜூலை 6

போடிக்குப் போகவில்லை. மண்டி ஒருநாள் காத்திருக்கட்டும். இருளம்மாள் பிள்ளைக்கும் காய்ச்சல் விட்டதாம், தேனிப் பக்கம் போன ஆளிடம் விசாரிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

"அந்தப் பொம்பளை மாதிரி நாமளும் ஒதுங்குவோமா?" என்று முருகம்மாளிடம் கேட்டேன்.

"அன்னிக்கி அவ எடத்துல நாம இருந்தா ஒதுங்கியிருப்பமான்னு கேளுங்க" என்றாள்.

பதில் தெரியும். அதனால்தான் யார் முதலில் என்பதை முடிவு செய்கிறவன் நானாக இருக்கக் கூடாது.

ஜூலை 10, வெள்ளி

துரையிடம் நேரே பேசினேன். துண்டும் இல்லை, விரலும் இல்லை. எழுநூற்றைம்பது ரூபாய். ஸ்டெப்னி டயரும் சாமான் பெட்டியும் சேர்த்து. துரை எண்ணூறில் நின்றார். நான் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. அம்மாவாசி பின்னால் நின்று மெல்லச் சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

அங்கிருந்து அதே காரில் தேனி. டாக்டர் ஜெபமணி என்னை எதிர்பார்க்கவில்லை. பேசி முடித்தது இது. கிட்டங்கி முன்பாகம் இரண்டு வருஷத்துக்கு வாடகையில்லாமல் அவருக்கு. வெள்ளையடிப்பது என் செலவு, மருந்து அலமாரி அவர் செலவு. கார் என் பெயரில். அம்மாவாசிக்குச் சம்பளம் நான், சாப்பாடு டாக்டர் வீட்டில். நோயாளி வீட்டுக்குப் போகிற பெட்ரோல் அவர் கணக்கு, என் வியாபாரத்துக்கு நான் அந்தக் காரைக் கேட்பதில்லை. பீஸ் கொடுக்க முடியாத வீட்டுக்குப் போனால் அந்தப் பெட்ரோல் என் கணக்கு. இதை அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

எந்தப் பிள்ளைக்கு மோசமோ அந்த வீட்டுக்கு முதலில். எது மோசம் என்பதை டாக்டர் சொல்வார், நான் சொல்வதில்லை.