வாரண்டி முடிய இருபத்தாறு நாள்

ஜூலை 9, 2025 – புதன்

திருமுக்கூடல் ஹெல்த் சென்டரில் இன்று தடுப்பூசி நாள். பதினெட்டுக் குழந்தைகள், அதில் பதினேழு அழுதன. அழாத ஒன்று ஊசி போட்டு முடிக்கும்வரை என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. அது பிழைத்துக்கொள்ளும்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் போன். கார் சர்வீஸ் சென்டரிலிருந்து பிரேம்நாத். எங்கள் காரின் மூன்று வருட வாரண்டி ஆகஸ்ட் 4-ஆம் தேதியோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்க இருபத்தாறாயிரத்து எண்ணூறு ரூபாய். "ஆடி ஆஃபர்ல ரெண்டாயிரம் கம்மி பண்ணித் தரேன் மேடம்" என்றார். புடவைக்கு ஆடித் தள்ளுபடி தெரியும். இதற்குமா?

மற்ற நாளாக இருந்தால் வேண்டாம் என்று போனை வைத்திருப்பேன். வைக்க முடியவில்லை. காரணம் அந்தச் சத்தம்.

காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வரும். எஞ்சினின் வலது பக்கத்திலிருந்து, தகர டப்பாவில் கொள்ளுப் போட்டு ஆட்டுவது போல. பிறகு தானாக நின்றுவிடும். அன்று முழுவதும் வராது. போன நவம்பரில் பத்து விநாடி இருந்தது. இப்போது அரை நிமிடம். வளர்ந்துகொண்டே போகிறது.

ஜூலை 10 – வியாழன்

வீட்டுக்காரர் டேனியல் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "கட்டிடு சுகா. நிம்மதியா இருக்கலாம்." அவருடைய அண்ணன் சாமுவேல் தினமும் காரில் சென்னைக்குப் போய் வருகிறவர். இப்படிப் பணம் கட்டி நீட்டித்து வைத்திருந்ததால் போன வருடம் அவருக்கு கியர்பாக்ஸையே இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். அது உண்மை. அதனால் இதை ஏமாற்று வேலை என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை.

சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றார். எப்படிக் கேட்கும்? ஒரகடம் ஃபேக்டரி பஸ் அவரை ஐந்தேகாலுக்கே ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. நான் வண்டி எடுப்பது ஏழரைக்கு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போதும் நான் வண்டியை எடுத்துத் திருப்பி நிறுத்திய பிறகுதான் ஐயா ஷூ லேஸ் கட்டி முடிப்பார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் வாயால் மட்டும் விசாரித்தேன். டைமிங் செயினாக இருக்கும் என்றார். அறுந்தால் எஞ்சினே போய்விடும், லட்சத்துக்கு மேல் ஆகும். அவர் கை வைத்தால் இருக்கிற வாரண்டியும் ரத்தாகிவிடும் என்பதால் தொட மறுத்துவிட்டார். நல்ல மனிதர்.

இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் இதுதான் முதல் கார். லோன் என் பேரில். ஆர்.சி. புத்தகமும் என் பேரில். இந்த வண்டி இல்லையென்றால் நான் இரண்டு பஸ் மாறி, பாலாற்றைத் தாண்டி, ஒன்பதரைக்குத்தான் ஹெல்த் சென்டரைத் திறக்க முடியும்.

ஜூலை 12 – சனி

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பிரேம்நாத் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். சூடான எஞ்சின் சமர்த்தாக ஓடியது. "நார்மல் மேடம்." ஜாப் கார்டில் எழுதியும் கொடுத்தார்: சத்தம் இல்லை.

மொபைலில் பதிவு செய்திருந்ததைப் போட்டுக் காட்டினேன்.

"மொபைல் ஆடியோ வச்சிலாம் கம்பெனிக்குக் கிளெய்ம் போட முடியாது மேடம். நாங்க நேர்ல கேக்கணும்."

"ஒம்பது மணிக்குத் தொறக்கறீங்க. நான் வீட்லர்ந்து வந்து சேர்றதுக்குள்ள எஞ்சின் சூடாயிடுது. எப்பதான் கேப்பீங்க?"

வாரண்டி நீட்டிப்பதற்கான படிவம் மட்டும் மேஜைமேல் தயாராக இருந்தது. அதோடு பேனாவும்.

ஜூலை 13 – ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து அந்த வாரண்டியின் விதிமுறைகளை உட்கார்ந்து படித்தேன். பதினான்கு பக்கம், எறும்பு எழுத்து. டேனியலின் மூக்குக் கண்ணாடியையும் வாங்கிப் போட்டுக்கொண்டு படித்தேன்.

ஒன்பதாவது பக்கத்தில் இருந்தது. நீட்டித்த வாரண்டி தொடங்குவதற்கு முன்பே இருந்த பழுதுகளுக்கு அது பொருந்தாது.

இரண்டு தடவை படித்தேன். நவம்பரிலேயே சர்வீஸ் சென்டரில் சத்தம் என்று சொல்லியிருக்கிறேன், மார்ச்சில் சொல்லியிருக்கிறேன், நேற்றும் சொன்னேன். நாளைக்குச் செயின் அறுந்து போய் நின்றால் என்ன சொல்வார்கள்? 'நீங்கதானே மேடம் நவம்பர்லயே இருந்துதுன்னு சொன்னீங்க, இது பழைய பழுது' என்பார்கள். இன்றைக்கு அவர்கள் கணக்கில் சத்தமே கிடையாது. பணம் வாங்கிய பிறகு அது எப்போதும் இருந்த சத்தம் ஆகிவிடும்.

ஆக, வாங்கலாமா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் 4-க்குள் அவர்கள் வாயால் 'சத்தம் இருக்கிறது' என்று சொல்ல வைக்க வேண்டும். அப்போதுதான் இப்போதிருக்கும் வாரண்டியிலேயே சரிசெய்து கொடுப்பார்கள். இருபத்திரண்டு நாள் இருக்கிறது.

இதை டேனியலிடம் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "உனக்கு மட்டும்தான் கேக்குது சுகா. அதை வச்சி அவன்கிட்ட எப்படி சண்டை போடுவ?"

எனக்கு மட்டும்தான் கேக்குதா? பத்தொம்பது வருசமா வயித்துக்குள்ள இருக்கற கொழந்தையோட துடிப்பைக் கேட்டு எண்ணிக்கினு இருக்கேன். நூத்தி நாப்பதா நூத்தி இருபதான்னு ஒரு தடவை தப்பாச் சொல்லியிருப்பேனா? டாக்டரே கேக்கலன்னு சொன்னதை நான் கேட்டுச் சொல்லியிருக்கேன். என் காதையா?

போதும். படுக்கிறேன்.

ஜூலை 14 – திங்கள்

பேசவில்லை. இட்லி மட்டும் வைத்தேன்.

ஜூலை 19 – சனி

நேற்று சாயங்காலம் வண்டியைச் சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிட்டு வந்தேன். ராத்திரி முழுக்க எஞ்சின் ஆறட்டும், காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்களே செய்து கேளுங்கள் என்று சொல்லி எழுதி வாங்கினேன். நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு ஆட்டோவில் வந்தேன்.

இன்று பத்து மணிக்குப் போனால் அதே முகம், அதே வார்த்தை. "ஸ்டார்ட் பண்ணிப் பாத்தோம் மேடம். நார்மல்."

எனக்கே ஒரு நிமிடம் ஆடிவிட்டது. ஒருவேளை நிஜமாகவே என் காதில்தான் கோளாறோ? வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது வாட்ச்மேனிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

"ஏழு மணிக்கெல்லாம் வாட்டர் வாஷுக்கு வண்டிங்களை நகத்திடுவோம்மா. உங்களுதையும் நான்தான் நகத்தனேன்."

"அப்ப எதனா சத்தம் வந்துதா?"

"நான் காதுல பாட்டு மாட்டிக்கினு இருந்தேன்மா."

அந்த அரை நிமிடச் சத்தத்தை இந்த ஊரில் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஒருவர் முடித்து வைத்துவிட்டார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. என் காது சரியாக இருக்கிறது.

ஜூலை 23 – புதன்

தடுப்பூசி முடித்துவிட்டு மரத்தடியில் நின்றபடி சர்வீஸ் மேனேஜர் குமாரசாமிக்குப் போன் செய்தேன். வீட்டுக்கு வந்து காலையில் கேளுங்கள் என்றேன். அப்படி வழக்கம் இல்லை என்றார்.

"வேண்டாம் சார். 'கஸ்டமர் வீட்டுக்கு வந்து கேட்கச் சொன்னார், வர மறுத்தோம்' அப்படின்னு ஒரு மெயில் மட்டும் போடுங்க. நான் தலைமை ஆபீஸுக்கு அனுப்பிக்கிறேன்."

அதன்பிறகுதான் 29-ஆம் தேதி காலை ஆறரைக்கு, வேலைக்குப் போகிற வழியில் வருவதாகச் சொன்னார். ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவாராம். எனக்கு அரை நிமிடம் போதும்.

ஜூலை 28 – திங்கள்

நாளைக்கென்று பார்த்து அந்தச் சத்தம் வராமல் போனால்?

ஜூலை 29 – செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

டேனியல் இன்று காலையில் பர்மிஷன் போட்டிருந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே போட்டார். ஆறரைக்கு குமாரசாமியும் பிரேம்நாத்தும் தெருமுனையிலேயே பைக்கை நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். ஏன் என்று எட்டிப் பார்த்த பிறகுதான் என் புத்திக்கு எட்டியது. தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டியிருந்தார்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டியிருக்கும்போது ஒரு வண்டியும் ஸ்டார்ட் செய்யக்கூடாது. புகை பட்டால் பட்டு வீண். அதனால்தான் நானே ஏழரைக்கு எடுக்கிறேன். பதினாறு நாளாக விதிமுறைகளைக் கரைத்துக் குடித்தவள், முந்தின நாள் எங்கள் தெரு நெசவாளர் கண்ணாயிரம் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்க மறந்துவிட்டேன். எங்கள் வாசலில் மிகச் சரியாக வண்டியின் புகைக்குழாய்க்கு நேரே அரக்குச் சிவப்புப் பாவு.

குமாரசாமி வாட்சைப் பார்த்தார். "இன்னொரு நாள் பாத்துக்கலாம் மேடம்." இன்னொரு நாள் என்றால் ஆகஸ்ட் 4 தாண்டிய ஒரு நாள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கண்ணாயிரம் அண்ணனிடம் போய் நின்றேன். "அரை நிமிசம்தான் அண்ணா. இவங்க ஒரு சத்தத்தைக் கேக்கணும். எட்டு மாசமா அலையறேன்."

"இன்னா சத்தம் நர்ஸம்மா? வலப் பக்கமா கொறகொறன்னு ஒண்ணு வருமே, அதுவா?"

நான் இன்னும் கிட்டே போனேன்.

"உங்களுக்குக் கேக்குமா அண்ணா?"

"கேக்காம? டெய்லி நீங்க வண்டி எடுக்கும்போது பாவு சுருட்டிக்கினுதானே இருப்போம். மொதல்ல பத்து எண்றதுக்குள்ள நின்னுடும். இப்ப முப்பது தாண்டிப் போவுது. வண்டியே அப்படித்தான் போலன்னு இருந்துட்டோம்."

அவர் மனைவி, பக்கத்து வீட்டுக்காரர்கள், எதிர்வீட்டு ஜெயம்மாள், எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எட்டு மாதம் எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தெருவே கூடக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எண்ணி வேறு வைத்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

கண்ணாயிரம் அண்ணன் திரும்பிக் குரல் கொடுத்தார். "பாவைத் தூக்குங்கப்பா. ஜோசியர் வீட்டாண்ட போய்ப் பிடிங்க." பதினைந்து பேர் கோல்களோடு பாவை அப்படியே தூக்கி, ஒரு இழை கலையாமல், பின்பக்கமாகவே நடந்து நான்கு வீடு தள்ளிப் போய் நின்றார்கள். பிடித்தபடியே நின்றார்கள்.

டேனியல் பானெட் அருகில் நின்றார். நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினேன்.

வந்தது. என்ன அழகாக வந்தது! அந்தப் பாழாய்ப்போன சத்தம் காதில் விழுந்து நான் சந்தோஷப்பட்டது இன்றுதான். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ எண்ண ஆரம்பித்தார்கள். ஐந்தாவது எண்ணுக்குள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பாவைப் பிடித்த கையை விடாமல் பதினைந்து பேரும் ஏலம் போடுவது போல எண்ணினார்கள். முப்பத்து நான்கில் நின்றது.

பிரேம்நாத் தரையைப் பார்த்தார். குமாரசாமி மட்டும் என்னைப் பார்த்தார். "செயினை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர் போயிருக்கு மேடம்" என்றார். "வாரண்டியில பண்ணிடலாம்." பானெட்டின்மேலேயே ஜாப் கார்டை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியையும் நேரத்தையும் நான் கேட்டுப் போட வைத்தேன்.

அவர்கள் போன பிறகு டேனியல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"தெருவுக்கே கேட்டிருக்குது. நான்தான் கேக்கல" என்றார். கொஞ்சம் கழித்து, "கேக்கணும்னு நெனைக்கவும் இல்ல" என்றார்.

மனம் நிறைந்திருக்கிறது. பாவு பிடித்த அத்தனை பேருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 1 – வெள்ளி

செயின், டென்ஷனர், இன்னும் இரண்டு பாகம் மாற்றியாயிற்று. பில்லில் மொத்தம் என்ற இடத்தில் பூஜ்யம். பழைய டென்ஷனரை குமாரசாமியே எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் தேய்ந்து கத்தி போல இருந்தது. இன்னும் இரண்டு மூன்று மாதம்தான் தாங்கியிருக்கும் என்றார். நான் பாலாற்றுப் பாலத்தை நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2 – சனி

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். தெருவில் பாவு சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒன்றும் இல்லை. கண்ணாயிரம் அண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஆகஸ்ட் 4 – திங்கள்

கடைசி நாள். பிரேம்நாத் போன் செய்தார். இப்போது குரலில் தனி மரியாதை. இன்று கட்டினால் நாலாயிரம் குறைக்கிறாராம்.

ராத்திரி சாப்பாட்டின்போது இருவரும் பேசினோம். சாமுவேலுக்கு அது சரி. அவர் ஓட்டுகிற ஓட்டத்துக்கு ஏதாவது ஒன்று தேய்ந்துகொண்டே இருக்கும். நான் போய் வருவது அவர் தூரத்தில் கால்வாசி. அதோடு ஒவ்வொரு சர்வீஸையும் தேதி தவறாமல் அவர்களிடமே செய்ய வேண்டும், தவறினால் ரத்து. முகாமும் பிரசவமும் என் தேதியைக் கேட்டா வருகின்றன? உண்மையைச் சொன்னால், அந்த ஒரு சத்தத்தின் பயத்தில்தான் நான் அதை வாங்கியிருப்பேன். பயம் போய்விட்டது.

"உனக்கு இன்னா தோணுதோ அதுதான்" என்றார் டேனியல். போன மாதம் இதையே சொல்லியிருந்தால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்திருப்பேன்.

வேண்டாம் என்று மெசேஜ் அனுப்பினேன். நன்றி என்றும் சேர்த்தேன். பாவம், அவரும் எத்தனை பேரிடம் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

ஆராதனை முடிந்து சாமுவேல் வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போனோம். வாரண்டி போன கார். நல்ல வெயில். வாலாஜாபாத் தாண்டியதும் டேனியல் பாட்டை நிறுத்தினார். தலையைச் சன்னல் பக்கம் சாய்த்தார்.

"சுகா, எதோ சத்தம் கேக்குது. பின்னாடி."

நானும் கேட்டேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். காற்று, டயர், எங்கோ ஒரு டிராக்டர். வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

இண்டிகேட்டரைப் போட்டு வண்டியைப் புளியமரத்தடியில் ஓரம் கட்டினேன்.

"எந்தப் பக்கம்? சொல்லுங்க, எறங்கிப் பாக்கலாம்" என்றேன்.