இது வேற மூலம்

செவ்வாய், இரவு.

அக்கா இன்றைக்கும் வெந்நீர் டப்பில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்காக எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்ததிலிருந்து நேராக உட்கார முடியவில்லை. மூலம். கர்ப்பத்தில் இது சகஜம்தான் என்று டாக்டர் களிம்பு கொடுத்திருக்கிறார்.

சாயங்காலம் குறிஞ்சிப்பாடியிலிருந்து அக்காவின் மாமியார் போன் செய்தார். அம்மா கையில் மாவு. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"டாக்டரு இன்னாங்க சொன்னாங்க?"

"மூலம்னு சொல்றாங்க."

"மூல நட்சத்திரத்துலயா பொறக்கும்னாங்க? ஐயையோ, பொண்ணா இருந்துட்டா..." மாமியார் அதோடு நிறுத்திவிட்டார்.

ஹாலில் அப்பா இருந்ததால் அம்மாவால் விளக்க முடியவில்லை. "இல்லீங்க, இது வேற மூலம்" என்று மென்று விழுங்கினாள்.

அக்கா சிரித்தாள். "உக்கார முடியாதவள நட்சத்திரத்துல ஏத்திட்டாங்கடி!" சிரித்ததில் வலி எடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "பொண்ணா இருந்தா என்னடி பண்ணுவாங்க?" என்றாள்.

நட்சத்திரம் என்பது எரியும் வாயு, அவ்வளவுதான் என்று நான் சொன்னேன்.

"சரிங்க டீச்சர்" என்றாள்.

படுக்கும் முன் தினசரிக் காலண்டரில் மூலம் என்றைக்கு என்று புரட்டினேன். டாக்டர் சொன்ன வாரத்தில்தான் வருகிறது. அந்தத் தாளின் முனை ஏற்கெனவே மடிக்கப்பட்டிருந்தது. எத்தனை முறை திட்டினாலும் என் புத்தகங்களில் அக்கா மடித்து வைப்பாளே, அதே மாதிரி.