2007இல் எழும்பிய கோடு

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு. ஹொல்ஸ்டெப்ரோ, டென்மார்க்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் இன்று காலை வேலை. வீட்டுக்கு வந்து தேநீர்கூடக் குடிக்கவில்லை, நவரத்தினம் அண்ணை தொலைபேசி எடுத்தார். எங்கள் தமிழர் சங்கத்தின் தலைவர். ஒவ்வொரு ஆகஸ்டிலும் கேட்பதைத்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன், எந்தச் சனிக்கிழமை எனக்கு வசதி என்று.

அரசாங்கம் ஆகஸ்ட் கடைசியில் வரவுசெலவுத் திட்டத்தை வைக்கும். பிறகு ஒரு சனிக்கிழமை சங்கத்தில் நான் எழும்பி அதைத் தமிழில் விளங்கப்படுத்துவேன். இருபத்திரண்டு வருடமாக நடக்கிறது. நான் இந்த நாட்டுக்கு வந்த 1988இலிருந்து அரசின் செலவு ஏறி இறங்கியதெல்லாம் என் வரைபுத்தாள் சுருளில் இருக்கிறது. எல்லாம் என் கையால் கீறியது. வருடத்துக்கு ஒரு விரல் நீளம். விரித்தால் சோபாவைத் தாண்டிப் போகும். வட்டி சிவப்பு, ஓய்வூதியமும் உதவிப்பணமும் பச்சை, படிப்பு நீலம், இராணுவம் கறுப்பு.

"இந்த முறை வைஷாலி எண்ட பிள்ளை கொம்பியூட்டரில செய்து காட்டுறன் எண்டுது," என்றார் அண்ணை. "நீர் முன் வரிசையில இருந்து பாரும், மனோ. எத்தினை வருசம் கஷ்டப்பட்டிட்டீர்."

கஷ்டப்பட்டதாக நான் யாரிடம் சொன்னேன்?

ஆகஸ்ட் 4

விசாரித்தேன். வயது முப்பத்தொன்று. சென்னைப் பக்கம். காற்றாலைக் கம்பனியில் எஞ்சினியர். வந்து மூன்றே மூன்று வருடம்.

ஆகஸ்ட் 9, சனி

நான் வைத்த இறால் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே இவர், என் மனுசன் அழகரத்தினம், சொல்கிறார்: "அந்தப் பிள்ளை நல்ல கெட்டிக்காரியாம். டெனிஷும் இப்பவே கதைக்குதாம்."

அவருக்கு இரண்டாம் தரம் குழம்பு விடவில்லை. ஏன் என்று கேட்கவுமில்லை.

எனக்கும் பொருளியல் தெரியும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படித்தேன். பிறகு சண்டை, அங்கே படிப்புமில்லை, நான் ஊரிலுமில்லை. இங்கே என் சான்றிதழைப் பார்த்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கிற கத்தியைத் தந்தார்கள். அந்தக் கத்தியோடுதான் தொழிற்சங்கப் பிரதிநிதி ஆனேன், வகுப்புக்குப் போனேன், அரசாங்கத்தின் தடித்த புத்தகங்களை அகராதி வைத்து வாசித்தேன். அவளுக்கு எல்லாம் ஒரு பொத்தானை அமத்தினால் வருகிறது. பொறாமைதான். இங்கே எழுதுவதற்கு என்ன வெட்கம்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வைஷாலி எங்கள் வீட்டுக்கே வந்தாள். சுருளைப் பார்க்கவேண்டுமாம். நிலத்தில் முழந்தாளிட்டு 1988இலிருந்து மெல்ல மெல்லப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இதெல்லாம் நீங்களே கையால போட்டதா ஆன்ட்டி? சிவப்பு அப்போ எவ்ளோ பெருசா இருந்திருக்கு, இப்போ நூல் மாதிரி ஆயிடுச்சே."

சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் காலத்தில் அரசு கட்டிய வட்டி அவ்வளவு. இத்தனை வருடத்தில் சங்கத்தில் ஒருவராவது அந்தச் சிவப்பைக் கவனித்ததில்லை. எனக்குச் சந்தோசம் வந்தது. சந்தோசம் வந்ததே என்று கோபமும் வந்தது. ஊரெல்லாம் மனோ அக்கா என்கிறது, இவளுக்கு மட்டும் நான் ஆன்ட்டி.

2007இல் விரல் நின்றது. "இங்க ஏன் ஆன்ட்டி திடீர்னு ஏறுது?"

சொன்னேன். 2006இல் நலச் செலவுகளை வெட்டப் போகிறார்கள் என்று நாடெங்கும் ஊர்வலம். எங்கள் பெண்கள் பதினான்கு பேரை பஸ்ஸில் ஏற்றி ஓகூஸ் நகரத்துக்குக் கொண்டுபோனேன். கிருசாந்தி வயிற்றில் பிள்ளையோடு வந்தாள். நல்ல மழை. அடுத்த வருடம் பார்த்தால் அரசின் செலவு எழும்பி நிற்கிறது, ஆஸ்பத்திரிக்கும் உயர்பள்ளிகளுக்கும். "நாங்கள் போய் நிண்டதால எழும்பின கோடு, பிள்ளை," என்றேன். சங்கத்தில் இந்த இடம் வந்தால் எப்போதும் கைதட்டுவார்கள்.

அவள் விரல் 2006க்குப் போய்த் திரும்ப 2007க்கு வந்தது. பிறகு "சூப்பர் ஆன்ட்டி" என்றாள். தேநீரை முழுவதும் குடிக்காமல் போய்விட்டாள்.

அவளுக்கும் பொறாமை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சங்கத்து வாட்ஸ்அப்பில் அவள் ஒரு முன்னோட்டம் போட்டிருக்கிறாள். கோடு தானாக ஓடுகிறது. மலை மாதிரி ஏறுகிறது. நாற்பத்தொரு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். இவரும்.

மூன்று தரம் பார்த்தேன். மூன்றாம் தரம் பிடிபட்டது. விலைவாசியைக் கழிக்கவில்லை. அந்தக் காலத்துக் குரோணரையும் இந்தக் காலத்துக் குரோணரையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறாள். தொழிற்சங்க வகுப்பில் நான் முதல் நாளே படித்த விசயம். என் சுருளில் எல்லா வருடமும் ஒரே வருட விலைக்கு மாற்றித்தான் இருக்கிறது.

தொலைபேசி எடுத்து அவளிடம் சொல்லலாம். ஒரு நிமிட வேலை.

எடுக்கவில்லை.

செப்டெம்பர் 6, சனி

மண்டபம் நிரம்பி வழிந்தது. என்னுடைய கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தால் பெரிது. இன்று இங்கே பிறந்த பிள்ளைகள்கூடப் பின்னால் நின்றார்கள். கோடு ஓடியபோது சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. 2008இல் வங்கிகள் சரிந்தது, 2020இல் கொரோனா, இப்போது இராணுவச் செலவு ஏறுவது, எல்லாவற்றுக்கும் நின்று விளக்கம் சொன்னாள். ஆனால் 2007ஐ ஒரு சொல்லும் சொல்லாமல் தாண்டிவிட்டாள். எங்கள் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிருசாந்தி திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கை உயர்த்தினேன். "தங்கச்சி, ஒரு சின்னக் கேள்வி. எண்பத்தெட்டில ஒரு பாண் என்ன விலை? இண்டைக்கு என்ன விலை?"

பாண் என்றால் பிரெட் என்று அவளுக்குத் தெரியும், கேள்விதான் விளங்கவில்லை. நான் விடவில்லை. "விலை ஏறினதைக் கழிக்காமல் கோடு கீறியிருக்கிறீர். கழிச்சால் உம்மட மலை ஒரு மேடுதான். சும்மா சனத்தைப் பயப்படுத்தாதையும்."

மண்டபம் சிரித்தது. அவள் திரையைப் பார்த்தாள், திரும்பினாள். "ஆமா ஆன்ட்டி. நீங்க சொல்றது கரெக்ட். நான்தான் மிஸ் பண்ணிட்டேன்." யாரோ எனக்குக் கைதட்டினார்கள்.

செப்டெம்பர் 7

நன்றாக நித்திரை கொண்டேன்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

நவரத்தினம் அண்ணை சங்கத்துத் தேநீர்க் கொதிகலனை எடுத்துப்போக வந்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்.

"அவ்வளவு பேருக்கு முன்னால நீர் அப்பிடிக் கேட்டிருக்க வேண்டாம், மனோ. கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் அந்தப் பிள்ளை எனக்கு போன் எடுத்தது. தான் அனுப்பினதில ஒரு படத்தை எடுத்துவிடச் சொல்லி. ஏன் எண்டு கேட்டன். 'ஆன்ட்டி முன் வரிசைல உட்கார்ந்திருப்பாங்க சார், வேணாம்' எண்டுது."

கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினார். தலைப்பு: 2007, செலவு ஏறவில்லை, இடம் மாறியது.

அதுவரை ஆஸ்பத்திரிகளையும் உயர்பள்ளிகளையும் நடத்தியது அம்ட் என்கிற மாவட்ட நிர்வாகம், தன் சொந்த வரியில். அந்த வருடம் அம்ட்களைக் கலைத்தார்கள். அதே ஆஸ்பத்திரி, அதே பள்ளி, அதே செலவு. பெரும்பகுதி மத்திய அரசின் கணக்குக்கு வந்துவிட்டது. நாட்டின் மொத்தச் செலவைக் கீழே இன்னொரு கோடாகப் போட்டிருந்தாள். அது 2007இல் எழும்பவேயில்லை.

செப்டெம்பர் 10

அம்ட் இல்லாமல் போனது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பக்கத்து நகரசபைகள் இரண்டும் எங்கள் நகரசபையோடு சேர்ந்த வருடம் அது. என் சம்பளத் தாளின் தலைப்பே மாறியது. ஆனால் அதையும் இந்தக் கோட்டையும் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை. கைதட்டு விழுகிற இடத்தில் யார் நின்று யோசிப்பார்கள்? பதினெட்டு வருடம் பிழையைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அவள் என் பிழையைக் கண்டு மூடிவைத்தாள். நான் அவளுடைய பிழையைக் கண்டு, ஒரு கிழமை பொத்திவைத்திருந்து, சபையில் இழுத்துப் போட்டேன்.

வெட்கமாக இருக்கிறது. வெட்கம் மட்டும் என்றாலும் பரவாயில்லை. கெட்டிக்காரி, வயது குறைவு, இதற்குமேல் நல்லவளாகவும் இருக்கிறாளே. அதைத்தான் தாங்க முடியவில்லை.

செப்டெம்பர் 14, ஞாயிறு

வைஷாலிக்குத் தொலைபேசி எடுத்தேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. "அண்டைக்கு நான் செய்தது சரியில்லை," என்றேன்.

"பரவால்ல ஆன்ட்டி. தப்பு என்னோடதுதானே."

"அந்த 2007 படத்தை எனக்கு அனுப்பும்."

"எதுக்கு ஆன்ட்டி?"

"சங்கத்தில நான் சொல்லப் போறன்."

அன்றிரவே படம் வந்தது.

ஒக்டோபர் 4, சனி

சங்கத்து மாதக் கூட்டம். சொல்லிவிட்டேன். படத்தைக் காட்டி, நான் பதினெட்டு வருடம் சொன்னது பிழை, இதைக் கண்டுபிடித்தது வைஷாலி என்று சொன்னேன்.

கிருசாந்தி கேட்டாள்: "அப்ப நாங்கள் சும்மாவா நனைஞ்சனாங்கள், மனோ அக்கா?"

"போனது சும்மா இல்லை எண்டுதான் நான் நினைக்கிறன். ஆனா அது இந்தக் கோட்டில இல்லை."

யாரும் கைதட்டவில்லை. அடுத்த கேள்வி, இராணுவச் செலவு ஏறினால் ஓய்வூதியம் என்னாகும் என்பது, என்னைத் தாண்டி நேராக வைஷாலியிடம் போனது. சரியாகத்தான் பதில் சொன்னாள். எனக்குள் கொஞ்சம் எரிந்தது. பொய் எழுதக் கூடாது.

நவம்பர் 12, புதன்

ஒரு மாதமாக வைஷாலி கிழமைக்கு மூன்று நான்கு தரம் தொலைபேசி எடுக்கிறாள். எல்லாவற்றையும் விலை கழித்துத் திரும்பச் செய்கிறாளாம், ஒவ்வொரு வருடமும் ஏன் அப்படி என்று நான் சொல்லவேண்டுமாம். இந்தக் கிழமை ஞாயிறு எடுக்கவில்லை. திங்கள் எடுக்கவில்லை. நேற்றுக் கடையில் கிருசாந்தி சொல்கிறாள், திங்கட்கிழமை வைஷாலி தன் வீட்டுக்கு வந்திருந்து இரண்டு மணித்தியாலம் பழைய காலம் பற்றிக் கேட்டாளாம். கிருசாந்தியிடம் என்ன இருக்கிறது கேட்க? அவளுக்குத் தொண்ணூற்றிரண்டும் ஒன்றுதான், இரண்டாயிரத்து இரண்டும் ஒன்றுதான்.

இன்று பின்னேரம் எடுத்தாள். "ஆன்ட்டி, தொண்ணூத்தி மூணுல வேலையில்லாதவங்களுக்கான செலவு ஏன் அவ்ளோ உச்சத்துல இருக்கு?"

அந்த வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. பதில் நுனி நாக்கில் நின்றது.

"பாத்துத்தான் சொல்லவேணும்," என்றேன். "நாளைக்கு எடும்."