இந்த வார உதாரணம்

ஊரப்பாக்கம்
22-7-2007, ஞாயிறு

ஜில்லு, என் கண்ணு ஷாயிஸ்தாவுக்கு உன் அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் தம்பி ஃபயாஸும் அல்லாஹ் புண்ணியத்தில் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம், நீயும் மருமகன் உஸாமாவும் அந்தத் தீவில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும், ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ சாப்பிட்டாயா அம்மா என்பாய், நான் சாப்பிட்டேன், நீ சாப்பிட்டாயா என்பேன், அதோடு நமக்குப் பேச்சு தீர்ந்துவிடும். உன் அத்தாவிடம் பேசும்போதுதான் ரிசீவர் சூடாகி அவர் காது சிவக்கிற வரைக்கும் பேசுவாய். அதை நான் அடுப்படியில் இருந்து எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்.

உன் அத்தா போய் இன்றோடு நாற்பது நாள். இத்தா முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, வாசல் தாண்டக் கூடாது, வெளி ஆண்கள் முன்னால் போகக் கூடாது, வருகிற பொம்பளைகள் சொன்னால்தான் எனக்கு ஊர்ச் சேதி. அப்படித்தான் வியாழக்கிழமை தனம் வந்தாள், திருமுடிவாக்கம் பட்டறையில் உன் அத்தாவுக்குப் பக்கத்து லேத்தில் நின்ற குப்புராஜ் அண்ணனின் பெண்சாதி. வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக, பாய் வூட்டம்மா, உன் பொண்ணு எங்க வூட்டுக்கு போன் பண்ணிச்சு தெரியுமா, இவரான்ட எதுனா ஒதாரணம் சொல்லுங்க அங்கிள்னு கேட்டுச்சாம், ரெண்டு நாளா இவரு சோறு கூட துன்னாம மோட்டுவளையப் பாத்துகினு குந்திகினு கீறாரு என்று பெருமையாகச் சொன்னாள். பெருமைதானே, இல்லாமல் என்ன. அவர் யோசித்துக் கண்டுபிடித்தது என்ன என்று கேட்டேன். சுவிட்சை அணைத்த பிறகும் லேத்து கொஞ்ச நேரம் சுற்றுகிறதே, அதுவாம். அது உன் அத்தா உனக்கு எழுதி மூன்று வருஷம் ஆகிறது என்று சொல்லிவிட்டேன், தனத்துக்கு முகம் சுருங்கிப் போனது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

ஆனால் ஜில்லு, குப்புராஜ் அண்ணனைக் கேட்கத் தோன்றிய உனக்கு, வீட்டில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவளைக் கேட்போம் என்று தோன்றவில்லையா. அன்றைக்குப் பூராவும் எனக்கு வயிறு எரிந்தது. உன் அத்தாவைப் பார்த்தே எரிந்த வயிறு, குப்புராஜைப் பார்த்து எரியாதா. நீ அந்தத் தீவுக்கு சயின்ஸ் டீச்சர் வேலைக்குப் போன புதிதில் அழுதாயே ஞாபகம் இருக்கிறதா. புத்தகத்தில் ரயில் திடீரென்று கிளம்பினால் உட்கார்ந்திருப்பவர் பின்னால் சாய்வார் என்று போட்டிருக்கிறது, இங்கே பிள்ளைகள் ரயிலையே பார்த்ததில்லை அத்தா, இந்த இயக்க விதியை எதை வைத்து நடத்துவது என்று. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் வாரம் ஒரு உதாரணத்தோடு ஒரு இன்லேண்டு கடிதம். மத்தியானம் பட்டறையில் சோறு சாப்பிட்டுவிட்டு சைரன் ஊதுகிற வரைக்கும் எழுதுவார், மறுநாள் மீதி எழுதுவார், சனிக்கிழமை தபாலில் போடுவார். உன் பதில் வந்தால் எனக்குப் படித்துக் காட்டுவார். அதில் அத்தா அத்தா என்று பத்து இடத்தில் இருக்கும், கடைசியில் அம்மாவுக்கு சலாம் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் பூராவும் உட்கார்ந்து கேட்பேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், பெற்ற தகப்பன் பேரைக் கெடுக்கிறாள் என்று நினைக்காதே. தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரி வந்த வருஷம், நிறைகுடம் இடுப்பில் சும்மா உட்கார்ந்து வரும், அரைக்குடம்தான் நான் நின்ற பிறகும் உள்ளே ஓடி என்னை முன்னால் இழுக்கும் என்று உனக்கு ஒரு கடிதம் வந்ததே. உன் அத்தா என்றைக்காவது இடுப்பில் குடம் வைத்து நீ பார்த்திருக்கிறாயா? அது நான் சொன்னது. வழுக்குகிற மீனுக்குச் சாம்பல் தொட்டால் கையில் நிற்கும் என்பது நான் சொன்னது. மீன்காரி முனியம்மா கோவளத்தில் இருந்து கூடை சுமந்து வருவாளே, தலைச்சுமையோடு டக்கென்று நிற்க மாட்டாள், கூடை முன்னால் போய்விடும், நான் கூப்பிட்டால் நாலு வாசல் தாண்டி மெதுவாக நின்று, மெதுவாகத் திரும்பி வருவாள், அதைப் பார்த்துச் சொன்னதும் நான்தான். காலி சிலிண்டரை ஒரு விரலால் உருட்டலாம், நிறைந்ததை உருட்டவும் முடியாது, உருண்டு விட்டால் நிறுத்தவும் முடியாது என்று கால் நகம் பெயர்ந்து கற்றுக்கொண்டவளும் நான்தான். அவர் சொன்னதில் அவருடையது லேத்தும் பல்லாவரத்தில் ஏறுகிற பஸ்ஸும்தான். மற்றதை எல்லாம் ராத்திரிச் சோறு போடும்போது என்னிடம் கேட்டுக்கொண்டு போய், நான் கண்டேன், நான் பார்த்தேன் என்று எழுதினார். எந்த விதி, முதலாவதா மூன்றாவதா என்று நம்பர் போட்டது அவர்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஜூன் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினாய். மீன் சாம்பல் உதாரணத்துக்கு வகுப்பே கை தட்டியது, உங்களுக்கு மட்டும் எப்படி அத்தா இதெல்லாம் தோன்றுகிறது என்று கேட்டாய். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார். நான் அந்த நேரம் மீன்தான் கழுவிக்கொண்டு இருந்தேன், கை பூராவும் சாம்பல். உன் அத்தா என்னைப் பார்த்தார், சிரித்தார், எல்லாம் அனுபவம்தான் ஜில்லு என்றார். போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன். என் பேரை ஒரு தடவை எழுதினால் உங்கள் பேனா மை தீர்ந்துவிடுமா என்றேன். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார், அஞ்சாவது படிச்ச அம்மா சொன்னாங்கன்னு டீச்சர் சொன்னா அந்தப் பிள்ளைங்க கேக்குமா ஜஹீரா என்று. எனக்கு விளையாட்டாக இல்லை. இனிமேல் என்னிடம் ஒன்றும் கேட்காதீர்கள் என்றேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், பேசவில்லை. புதன்கிழமை காலையில் டிபன் பையைக் கையில் கொடுக்காமல் மேசை மேலே வைத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு, இந்த வாரத்துக்கு எதுவும் இல்லியா என்றார், நான் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டேன். போய்விட்டார். அன்றைக்குச் சாயந்திரம் ஷிப்டு முடிந்து குழாயடியில் கை கழுவும்போது நெஞ்சைப் பிடித்தாராம், சோப்பு கூட அலம்பவில்லையாம்.

நீ மறுநாள் விமானத்தில் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. பத்து நாள் இருந்தாய். பத்து நாளும் அவர் காக்கிச் சட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தாய், பக்கத்துப் பாயில்தான் நான் படுத்திருந்தேன். ஊருக்குக் கிளம்பும் முன்னால், இந்த வாரம் எனக்குக் கடிதம் எழுதினாரா அம்மா என்று கேட்டாய். இல்லை என்றேன். அது பொய் ஜில்லு. குப்புராஜ் அண்ணன் தனத்திடம் கொடுத்து அனுப்பிய டிபன் பையில் இன்லேண்டு இருந்தது. அரிசி டிரம்முக்கு அடியில் விரிக்கிற பேப்பருக்குக் கீழே வைத்துவிட்டேன். நீ போனில் குப்புராஜ் அண்ணனிடம், அன்றைக்கு மத்தியானம் அத்தா எழுதிக்கொண்டு இருந்தாரா என்றும் கேட்டாயாம், அவர் ஆமாம் என்றாராம், தனம் அதையும் சொன்னாள். அப்போதே உனக்குத் தெரிந்திருக்கும் உன் அம்மா மறைத்தாள் என்று. தெரிந்தும் என்னிடம் கேட்காமல் இருக்கிறாயே, அது திட்டுவதைவிட வலிக்கிறது.

ஏன் மறைத்தேன் என்றால், அதில் நாலே வரிதான் இருக்கிறது. அன்பு மகள் ஷாயிஸ்தாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இந்த வார உதாரணத்துக்கு முன்னால் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உன் அம்மா. அவ்வளவுதான், அதோடு நிற்கிறது. சைரன் ஊதியிருக்கும், மடித்துப் பையில் வைத்திருப்பார். உன் அம்மாதான் இத்தனை நாளும் சொல்லிக் கொடுத்தாள் என்று எழுத வந்தாரா, இல்லை, உன் அம்மா மூன்று நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள், நீயே கேள் என்று எழுத வந்தாரா, எனக்குத் தெரியவில்லை. முதலாவது என்றால் உனக்குக் காட்ட வேண்டும் என்று இருக்கும். இரண்டாவது என்றால் நீ பார்க்கக் கூடாது என்று இருக்கும். தினமும் எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப டிரம்மைத் தள்ளி வைத்தேன். இத்தாவில் இருக்கிறவள் குப்புராஜ் அண்ணனைக் கூப்பிட்டு வைத்துக் கேட்க முடியுமா, அதனால் தனத்திடம் சொல்லி அனுப்பினேன், எழுதும்போது பாய் சிரித்த முகமாக இருந்தாரா, கடுகடு என்று இருந்தாரா என்று. நேற்று வந்து பதில் சொன்னாள், நான் தயிர் சோத்தப் பாத்துகினு இருந்தேன், பாய் மூஞ்சிய எவன் பாத்தான்னு சொல்றாருக்கா, இந்த ஆளான்ட போய்க் கேட்டுவுட்டியே என்று. அந்த வயிற்றெரிச்சலிலும் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

சரி, உன் வகுப்புக்கு விஷயம் சொல்கிறேன், எழுதிக்கொள். ஞாயிற்றுக்கிழமை போர்வை துவைத்தால் பிழிய ஒரு முனையை நானும் ஒரு முனையை உன் அத்தாவும் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் முறுக்குவோம், நீயும் பார்த்திருக்கிறாய். நான் கொஞ்சம் இழுத்தால் அவரும் கொஞ்சம் இழுத்தாக வேண்டும், நான் பலமாக இழுத்தால் அவரும் அவ்வளவு இழுக்க வேண்டும், இல்லையென்றால் என் பக்கம் வந்து விழுவார். ஒரு தடவை வேண்டுமென்றே அவர் விட்டுவிட்டார், நான் பின்னால் போய் வாளிக்குள்ளே உட்கார்ந்தேன், ஃபயாஸ் இன்னும் சொல்லிச் சிரிப்பான். இன்றைக்குப் போர்வை நனைத்துவிட்டேன், ஃபயாஸ் தாம்பரத்துக் கடைக்குப் போய்விட்டான். ஜன்னல் கம்பியில் ஒரு முனையைக் கட்டிவிட்டு நான் மட்டும் முறுக்கினேன். ஒரு சொட்டு குறையாமல் தண்ணீர் வந்தது. அதாவது நான் எவ்வளவு இழுக்கிறேனோ அவ்வளவு கம்பியும் என்னை இழுக்கிறது, சும்மா நிற்கிற கம்பிதான், ஆனாலும் இழுக்கிறது. உன் அத்தா செய்த வேலையை அது அப்படியே செய்கிறது. மெள்ள இழு ஜஹீரா, கை பிசகிடப் போவுது என்று மட்டும் சொல்லவில்லை. இது மூன்றாவது விதி என்று நினைக்கிறேன், நம்பர் தப்பாக இருந்தால் நீ திருத்திக்கொள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது எங்கள் அம்மா சொன்னாள் என்று சொல். ஐந்தாவது படித்த அம்மா என்றும் சொல், கேட்கிறதா இல்லையா பார்ப்போம். கேட்டால் எழுது. கேட்காவிட்டாலும் எழுது. குப்புராஜ் அண்ணனை இனிமேல் தொந்தரவு பண்ணாதே, அவர் நிம்மதியாகச் சோறு தின்னட்டும்.

அங்கே மழை அதிகம் என்று ஃபயாஸ் பேப்பர் பார்த்துச் சொன்னான், ஈரத் தலையோடு பள்ளிக்கூடம் போகாதே. கருவாடு மலிவு என்று தினமும் அதையே பொரிக்காதே, மருமகனுக்கு உப்பு ஆகாது என்று அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார். அத்தா சட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாய், எனக்குத் தெரியும், வைத்துக்கொள், ஆனால் துவைத்துவிடாதே. ஃபயாஸ் நல்லபடியாக இருக்கிறான், வாரம் தவறாமல் போன் பண்ணு, போனில் என்னிடம் விதியைப் பற்றியே பேசு, எனக்குப் புரியும்.

அந்த இன்லேண்டை இதோடு வைத்து அனுப்புகிறேன். நீ வேண்டுமானால் ஜெராக்ஸ் எடுத்துக்கொள், அசலை ரிஜிஸ்டர் தபாலில் எனக்குத் திருப்பி அனுப்பிவிடு, மறக்காதே, அது உன் பேருக்கு எழுதியதுதான் என்றாலும் அதில் கடைசியாக இருப்பது நான்.

அல்லாஹ் உன்னையும் உன் வீட்டுக்காரரையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்து, உன் மடியில் ஒரு பிள்ளையைக் கொடுக்கட்டும், உன் வாய்க்கு எதிரே உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளுக்கும் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற
ஜ. ஜஹீரா

கவரை ஒட்டுவதற்கு முன் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தேன். அம்மா என்ற எழுத்தில் பேனாவைக் கொஞ்சம் அழுத்தியிருக்கிறார், பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தெரிகிறது. கோபத்தில் அழுத்தினாரா, சைரன் கேட்டு அழுத்தினாரா தெரியவில்லை. அவர் கையெழுத்தை என்னைவிட நீதான் அதிகம் படித்தவள். நீயும் தடவிப் பார்த்துச் சொல், அதற்கு அடுத்த வார்த்தை என்ன ஜில்லு?