ஊசி போடாத கை

பிப்ரவரி 14

இன்று காலையும் ஊசி போட்டேன். இடது கை, முழங்கை மடிப்பு, எப்போதும் ஒத்துழைக்கும் அந்த நரம்பு. என் கணவன் ஓக்னியான், வீட்டில் ஓகி, தன் கையில் ஏறும் ஊசியைப் பார்க்க மாட்டான். எதிர்வீட்டுக்காரர் இன்றைய பண்டிகை வழக்கப்படி திராட்சைக் கொடியைக் கத்தரித்துவிட்டு வெட்டிய இடத்தில் ஒயின் ஊற்றுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "செடிக்குக்கூட வெட்டின இடத்துல மருந்து ஊத்தறான் பாரு, நெவேனா," என்றான். வாரத்துக்கு மூன்று முறை இந்த நரம்பும் நானும் சந்திக்கிறோம், கல்யாணமான நாளிலிருந்து. அதற்கு முன்னால் அது என் மாமியாரின் பொறுப்பு.

ஹீமோஃபீலியாக்காரன் என்றதும் எல்லாரும் கத்தியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நான் பாட்டு டீச்சராக இருக்கும் பள்ளியில் ஓவியம் சொல்லித்தருகிறவள், "அப்ப வீட்டுல காய் யார் நறுக்கறது?" என்று கேட்டாள். அவன்தான் நறுக்குகிறான். சின்ன வெட்டுக்காயம் எப்படியோ ஆறிவிடும். எங்களை ஆட்டிவைப்பது வெளியே வராத ரத்தம். ஒன்றுமே செய்யாமல் தூங்கி எழுந்தாலும் உள்ளுக்குள் ஒரு மூட்டு நிரம்பி வீங்கியிருக்கும். ரத்தத்தை உறையவைக்க அவனுக்கு இயற்கையில் இல்லாத பொருளை நாங்கள் ஊசியில் ஏற்றுகிறோம். ஃபாக்டர் என்று பெயர்.

நாளை டாக்டர் கலுதோவாவைப் பார்க்க வேண்டும். ஏதோ புது மருந்தைச் சோதிக்கிறார்களாம்.

பிப்ரவரி 15

மாமியாரும் வந்தார். கூப்பிடவில்லை. கூப்பிட்டுத்தான் வர வேண்டும் என்று அவர் எப்போதும் நினைத்ததில்லை. கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார், மாடியில் நாங்கள் தும்மினால் அவர் வீட்டுக் கதவு திறக்கும்.

டாக்டர் என்னைவிடச் சின்னவள். வேகமாகப் பேசுகிறாள், நடுநடுவே ஆறிப்போன காபியைக் குடிக்கிறாள்.

"ரத்தத்துல ரெண்டு கோஷ்டி இருக்கு. ஒண்ணு உறையவைக்கும். இன்னொண்ணு போதும் போதும்னு பிடிச்சு இழுக்கும். உங்களுக்கு முதல் கோஷ்டியில ஆள் இல்ல. இத்தனை நாளா வெளியிலேர்ந்து ஆள் கொண்டுவந்து ஏத்தினோம். இப்ப இழுக்கிற கோஷ்டியில ஆளைக் குறைக்கப்போறோம்."

"அதாவது எனக்கு வலது கால் நொண்டி. நேரா நடக்கணும்னு இடது காலையும் நொண்டியாக்கறீங்க," என்றான் ஓகி.

"கிட்டத்தட்ட அப்படித்தான்." அவள் சிரிக்கவில்லை.

எப்படி என்று நான் கேட்டேன். தடுக்கிற அந்தப் புரதத்தை ஈரல் செய்கிறதாம். "மரபணு, இதைச் செய்னு ஒரு சீட்டு எழுதி அனுப்பும். அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. நாங்க போடற ஊசியிலயும் ஒரு துண்டு ஆர்.என்.ஏ.தான் இருக்கு. அது இந்தச் சீட்டைத் தேடிப்போய் ஒட்டிக்கும். ஒட்டினதும் செல்லே அதைக் கிழிச்சுப் போட்டுடும். மரபணுவை நாங்க தொடவே மாட்டோம்."

"கிழிச்சா அது மறுபடி எழுதாதா?" என்றார் மாமியார்.

"எழுதும்மா. அதான் மாசாமாசம் ஊசி."

"அது எழுதிக்கிட்டே இருக்கும், நீங்க கிழிச்சுக்கிட்டே இருப்பீங்க."

"ஆமா."

மாமியாருக்கு அது பிடித்திருந்தது என்றே தோன்றியது. அதற்குப் பிறகு சொன்னதுதான் பிடிக்கவில்லை. அடிபட்டாலும் வீங்கினாலும் பழைய அளவில் ஃபாக்டர் போடக்கூடாது. முதலில் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும், அவள் சொல்லும் அளவுதான். தடுக்கிற கோஷ்டி குறைந்திருக்கும்போது முழு அளவு ஏற்றினால், உறையக்கூடாத இடத்தில் ரத்தம் உறைந்துவிடலாம். "இந்த மருந்தை உள்ள விட்டப்புறம் வெளிய எடுக்கவும் முடியாது. மாசக்கணக்குல வேலை செய்யும். நல்லா யோசிச்சுக்கோங்க."

மாமியார் தரையைப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: சந்தேகமா, முதலில் ஊசி போடு, அப்புறம் யோசி. அதை எழுதியது ரூமென். ஓகியின் அண்ணன், அவனுக்கும் இதே நோய். ஒன்பது வயதில் ஒரு நாள் தலைவலி என்றான். அப்போது வீட்டில் மருந்து வைத்துக்கொள்ளும் வசதி கிடையாது. ஆஸ்பத்திரி வண்டி அனுப்புகிறோம், காத்திருங்கள் என்றார்கள். இன்றைய என் மாமியார், அன்று ஸ்தாங்கா என்ற இளம் தாய், புகையிலைக் கிடங்கில் வேலை பார்த்தவள், சொன்னபடி காத்திருந்தாள். வண்டி வந்தபோது பையன் உயிரோடு இல்லை, தலைக்குள் ரத்தக் கசிவு.

ஓகி கையெழுத்துப் போட்டுவிட்டான். "சோதனை நடக்கற ரெண்டு வருஷமாவது மாடிப்படியைப் பாத்துப் பயப்படாம இருக்கணும்," என்றான்.

மார்ச் 5

முதல் ஊசி. வயிற்றில், தோலுக்கடியில். நரம்பு தேட வேண்டியதில்லை. நர்ஸ் போட்டாள். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல.

ஏப்ரல் 12

வாரம் மூன்று முறை போடும் ஊசியை நிறுத்தியாகிவிட்டது. காலையில் கைக்கு வேலையில்லை. காபி போட்டேன். குடித்துவிட்டு இன்னொரு காபி போட்டேன்.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஒரு துண்டு ஆர்.என்.ஏ. மீது! எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஓகி ஊரின் பழைய பகுதியில் இருக்கும் குன்றின்மேல் ஏறிப்போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தான். ஏதோ இமயமலையில் கொடி நட்டவன்போலப் பேசுகிறான். தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடந்தே போகிறான். இன்று முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னான்: "இது பேசவே மாட்டேங்குது, நெவி. நல்லா இருக்கா, கோவிச்சுக்கிச்சான்னு தெரியல."

மே 2

தடுக்கிற புரதம் ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. டாக்டர் இன்று சிரித்தாள்.

மே 20

மாமியாரோடு சண்டை. அவருடைய ஃபிரிட்ஜில் தயிர்க் கிண்ணங்களுக்குப் பின்னால் பழைய ஃபாக்டர் பெட்டிகள். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"எதுக்கு? நீ தொண்ணூறுகள்ல இங்க இல்ல. ஒரு பெட்டிக்கு நான் யார் யார் கால்ல விழுந்தேன்னு தெரியுமா? என் வீட்டை விட்டு ஒண்ணுகூடப் போகாது."

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு. அதான் என் கஷ்டம்."

விட்டுவிட்டேன். காலாவதித் தேதி இன்னும் இருக்கிறது, பூட்டி வைக்கவா முடியும்?

மே 27

பாட்டுப் போட்டி முடிந்து வர்னாவிலிருந்து வந்தாகிவிட்டது. என் பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு இரண்டாம் பரிசு. பஸ்ஸில் திரும்பும்போது அதே பாட்டை ஊர்வரை பாடினார்கள், இனி அந்தப் பாட்டை நான் கேட்க மாட்டேன்.

நேற்று சனிக்கிழமை, இறந்தவர்களை நினைக்கும் நாள். வேகவைத்த கோதுமையும் செர்ரியும் எடுத்துக்கொண்டு ஓகியும் அவன் அம்மாவும் ரூமெனின் கல்லறைக்குப் போயிருக்கிறார்கள். ஓகி இன்று ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறான். "ஈரப் புல்லுல வழுக்கிடுச்சு. ஐஸ் வெச்சேன், சரியாப்போச்சு."

"டாக்டருக்குப் போன் பண்ணியா?"

"இதுக்கெல்லாமா?"

வீக்கம் அதிகம் இல்லை. சரி.

மே 29 – ஆஸ்பத்திரித் தாழ்வாரம்

பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் ஓகி எழுந்திருக்கவில்லை. தலைவலி என்றான். எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. கண்ணைத் திறந்தால் குத்துகிறது என்றான், அப்புறம் வாந்தி எடுத்தான். நான் போனைத் தேடுவதற்குள் மாமியார் மேலே வந்துவிட்டார். கையில் மருந்து நிரப்பிய ஊசி. அதற்குள் எப்படி நிரப்பினாரோ.

"தள்ளு."

"அம்மா, போன் பண்றேன். ஒரு நிமிஷம்."

"ரூமெனுக்கும் நான் போன்தான் பண்ணேன். தள்ளு, நெவேனா! என் பிள்ளையைக் கொல்லப் பாக்கறியா?"

நான் கட்டிலுக்கு முன்னால் நின்றேன். பெரிய தைரியசாலி என்று அர்த்தமில்லை. என் கையும் அந்த ஊசியைத்தான் கேட்டது. பிடுங்கி நானே போட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம்… தலைக்குள் கசிவு என்றால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. இத்தனை வருடம் நான் படித்த ஒரே பாடம் அது. நின்றபடியே போன் செய்தேன், டாக்டர் எடுத்தாள். அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த நாலஞ்சு நாள்ல ஃபாக்டர் ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல," என்றேன். சந்தேகமே இல்லாமல் சொன்னேன்.

ஓகி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். எனக்குப் பின்னால் மாமியாரின் குரல்.

"போட்டேன்."

திரும்பினேன்.

"சனிக்கிழமை போட்டேன். முழுசா. முழங்கால் சூடா இருந்துது. ஞாயித்துக்கிழமை காலையில இன்னொண்ணு போட்டேன். அவன் வேண்டாம்னுதான் சொன்னான். நான் அழுதேன். அப்பதான் ரூமெனைப் பாத்துட்டு வந்திருக்கேன், எனக்கு வேற என்ன தோணும்? நான் அழறதைப் பாத்துட்டுக் கையை நீட்டிட்டான்."

டாக்டருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "இனி ஒரு சொட்டுகூடப் போடாதீங்க. கசிவா இல்லாம அடைப்பா இருக்கலாம். உடனே கொண்டுவாங்க, நான் கீழ வாசல்ல நிக்கறேன்."

மாமியார் ஊசியை என்னிடம் கொடுத்தார். தானாகவே கொடுத்தார்.

ஸ்கேன் முடிந்துவிட்டது. கசிவு இல்லை. மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் ஒரு நரம்பில் அடைப்பு, சின்னது. "காலையில அந்த ஊசியும் ஏறியிருந்தா…" என்று ஆரம்பித்த டாக்டர், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மே 30

இவ்வளவு நாள் எந்தப் புரதத்தின் சீட்டைக் கிழித்தார்களோ, அதையே பாட்டிலில் தொங்கவிட்டு ஏற்றுகிறார்கள். கூடவே ரத்தம் உறையாமலிருக்க மருந்து. ரத்தம் உறையாத மனிதனுக்கு! ஓகியிடம் சொன்னால் சிரிப்பான். இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

டாக்டர் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிற வரப்பில் நடப்பதுபோல அளவுகளை எழுதுகிறாள். ஒவ்வொரு முறையும் எழுதியதைத் திரும்பப் படிக்கிறாள்.

ஜூன் 2

கோபமாக வருகிறது. யார்மீது என்று முடிவு செய்ய முடியவில்லை. அவர்மீதா? வாயை மூடிக்கொண்டிருந்த இவன்மீதா? இன்று அவனிடம் கேட்டே விட்டேன். "அம்மாவைக் காட்டிக்குடுக்கச் சொல்றியா?" என்றான் முனகலாக. நீ செத்துப்போயிருந்தா நான் என்னடா பண்ணியிருப்பேன்? அதைக் கேட்கவில்லை, இங்கே எழுதுகிறேன்.

மாமியார் அறைக்குள் வருவதே இல்லை. தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், யாரோ தெரியாதவர்போல. தண்ணீர் கொடுத்தேன்.

"காத்திருந்து ஒருத்தனை விட்டேன்," என்றார். "காத்திருக்காம இன்னொருத்தனை விடப்பாத்தேன். எதுதான் சரின்னு எனக்கு யாராவது சொல்லணும்."

நீங்கள் வாய் திறந்து சொன்னதால்தான் அவன் உயிரோடு இருக்கிறான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நாளை சொல்வேன்.

ஜூன் 3

சொன்னேன். சாயங்காலம் மாமியார் அறைக்குள் வந்தார்.

ஜூன் 19

வீடு. ஓகிக்குப் பார்வை இன்னும் இரண்டிரண்டாகத் தெரிகிறது. "என் கடைக்கு நானே வாடிக்கைக்காரன்," என்கிறான். குறைந்துவிடும் என்கிறார்கள்.

சோதனையிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு இனி மருந்தின் அளவைக் குறைத்துப் பார்க்கப்போகிறார்கள், அடிபட்டால் என்ன செய்வது என்பதை வீட்டு ஆட்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லப்போகிறார்கள். "இந்த மருந்து பிழைச்சுக்கும். இதுக்குப் பக்கத்துல எப்படி இருக்கணும்னு நாங்கதான் இன்னும் சரியாச் சொல்லித்தரல," என்றாள் டாக்டர். பெட்டிகளை மாமியார் இரண்டு பையில் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டார். அவசரத்துக்கு ஒரே ஒரு பெட்டி மாடியில், என் பொறுப்பில்.

ஆனால் ஏற்கெனவே போட்ட ஊசி உள்ளே வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஏற்றியது கரைந்துபோகும், சீட்டுக் கிழிப்பது தொடரும். குளிர்காலம் வரும்வரை அதே சட்டம்: முதலில் போன்.

அதற்குப் பிறகு மறுபடி நானும் நரம்பும் என்று ஆகிவிடும். சந்தோஷப்படுகிறேனா? இல்லை. ஏப்ரலில் அவன் குன்றிலிருந்து இறங்கி வந்த முகம் கண்முன்னால் நிற்கிறது. "மூணு மாசம் எனக்கு முழங்கால்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு," என்றான் நேற்று. அழுதான். நானும் அழுதேன்.

ஆகஸ்ட் 23

சந்தையில் இருந்தேன். ஊறுகாய்க்குச் சிவப்பு மிளகாய் வாங்கிக்கொண்டிருந்தபோது மாமியாரின் அழைப்பு. ஓகி படியில் தடுக்கி விழுந்துவிட்டான், முழங்கால். அதற்கு மேல் கேட்கவில்லை, மிளகாயைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். வழியெல்லாம் மாடி ஃபிரிட்ஜில் இருக்கும் அந்தப் பெட்டிதான் மனதில் ஓடியது. மாடி வீட்டுச் சாவி அவரிடமும் ஒன்று இருக்கிறது.

கதவைத் தள்ளினேன். ஓகி சமையலறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முழங்கால் நன்றாக வீங்கியிருந்தது, முகம் வெளுத்திருந்தது. பக்கத்து நாற்காலியில் மாமியார். மேசைமேல் போன். பெட்டியைக் காணோம். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். வைத்த இடத்தில், பிரிக்காமல் இருந்தது.

"டாக்டர்கிட்ட பேசிட்டேன்," என்றார். "போன வாரம் எடுத்த ரத்தத்தோட கணக்கைப் பாத்துட்டு அளவு சொல்றேன்னா. இன்னும் கூப்பிடல."

"வலி பரவாயில்லம்மா," என்றான் ஓகி. பொய்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் முழங்காலைப் பார்ப்பதுமாக இருந்தார் அவர். உதடு வறண்டிருந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நான் பையை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நெவேனா," என்றார், என்னைப் பார்க்காமல். "போட்டுடு போட்டுடுன்னு கை துடிக்குது. கொஞ்சம் பிடிச்சுக்கறியா?"

கையை வெளியே எடுத்தார். பிடித்துக்கொண்டேன். போன் அடிக்கும்வரை விடவில்லை.