கழற்றவும் முடியாது, ஓட்டவும் முடியாது

ஜூலை 12, இரவு 10.20. ஹட்டன் ஏற்றத்தில் அப்பாவின் பழைய கார் இன்று மூன்று முறை கொதித்தது.

மூன்று முறையும் அப்பா மலை ஊற்று விழும் வழியோரப் பீலியில் வாளியைப் பிடித்து, கொதிக்கிற ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீரை ஊற்றினார். எத்தனையோ வருடப் பழக்கம்.

"மலைத் தண்ணிடா, ஐஸ் மாதிரி. எஞ்சினுக்கு மருந்து."

"சூட்டுல ஊத்தின அந்த மருந்துதாங்கப்பா எஞ்சின் ஹெட்டை வளைச்சிருச்சு."

வீட்டுக்கு வந்து, எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தேன். தண்ணீரில் குமிழி குமிழியாகக் காற்று. எஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் நடுவே அடைத்திருக்கும் கேஸ்கட் போய்விட்டது. அதை மாற்ற எஞ்சினைக் கழற்றினால் ஒரு வாரம் கார் இல்லை. அக்காவுக்கு இந்த வாரம்தான் பிரசவம். எங்கள் தோட்ட லயத்து வீடுகளில் வேறு வண்டியும் கிடையாது. கழற்றாவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பாதி ஏற்றத்தில் நிற்கும்.

அக்கா வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டாள். "காருக்கும் மாசம் நெருங்கிருச்சாடா தம்பி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாளை:

1. வலி வரும்வரை காத்திருக்காமல், விடிந்ததும் அக்காவை ஏற்றுவேன்.
2. ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு மெதுவாக ஓட்டுவேன். எஞ்சின் சூடு கொஞ்சம் காருக்குள் வந்து குறையும். அக்கா திட்டட்டும்.
3. அப்பா வரக்கூடாது. பீலியைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது.
4. "இன்னும் வலி இல்லையே" என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டால், வலி வந்தபின் மறுபடியும் அதே ஏற்றம். அதற்கு என்ன எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை.