செத்ததென்று விட்ட வரிசை

அன்புள்ள அப்பாவுக்கு, ருக்சாந்த்ரா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இங்கே தொப்ருஜாவில்தான் மழையே இல்லை.

குன்றில் காடு வளர்க்க எந்த மரம் வறட்சி தாங்கும் என்று பார்க்க, எங்கள் நாற்றுப்பண்ணையில் கூரையின் கீழ் நாற்றுகளைத் தண்ணீர் விடாமல் வாடவிட்டிருந்தோம். பண்ணையில் சமைக்கும் சாஃப்தா அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. கோயிலில் வாங்கி வைத்திருந்த புனித நீரை வாளியில் கலந்து, நாங்கள் இல்லாதபோது எல்லா வரிசைக்கும் ஊற்றிவிட்டார். சோதனை பாழ். ஆட்டுப்பட்டி மேட்டில் நீங்கள் பொறுக்கி அனுப்பிய ஓக் விதைகளின் வரிசைக்கு மட்டும் ஊற்றவில்லை.

"அதை ஏன் விட்டீங்க?" என்றேன்.

"ஒரு இலைகூட இல்லையேடி. செத்ததுக்கு எதுக்குப் புனிதத் தண்ணி?"

கெடு முடிந்து அதற்கு நாங்களே தண்ணீர் விட்டோம். இலையை உதிர்த்துவிட்டு உயிரை வேரில் பிடித்து வைத்திருந்தது போலும். நேற்றுப் பார்த்தால் தொட்டிக்குத் தொட்டி அடியிலிருந்து தளிர். மேலதிகாரி குனிந்து பார்த்து, "யார் குடுத்த விதை?" என்றார்.

"எங்கப்பா" என்றேன். குன்றில் முதலில் நடப்போவது அதைத்தான்.

இன்னும் இரண்டு சாக்கு விதை வேண்டும். பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டாம், காய்ந்துவிடும். நீங்களே கொண்டு வாருங்கள். முழங்காலுக்கென்று சாஃப்தா அக்கா ஒரு பாட்டில் புனித நீரை மிச்சம் வைத்திருக்கிறார்.

தபால் கொண்டுபோகும் வேன் கிளம்புகிறது.

உங்கள் மகள்,
ருக்சாந்த்ரா